உழைச்செல்வானைத் தேடி: முதிய பெற்றோரைப் பேணுவோர் குறித்து உரை, சட்டம், திரை, வழிகாட்டி – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

முதிய பெற்றோரை வீட்டில் வைத்துப் பேணும் குடும்பத்தினருக்குத் தமிழ்ச் சூழலில் கிடைக்கும் துணைகள் எத்தகையன என்பதைத் திருக்குறள் உரைமரபு, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், அண்மைக்காலத் திரைப்படங்கள், மருத்துவ வழிகாட்டிகள் ஆகியவற்றின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. பேணப்படுபவரைப் பற்றி விரிவாகப் பேசும் இப்பனுவல்கள் பேணுபவரைக் கடமையாளராகவோ குற்றவாளியாகவோ மட்டுமே காண்கின்றன என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: முதுமை, பேணுநர், உழைச்செல்வான், புறந்தருதல், தலைக்கூத்தல், இல்லப் பராமரிப்பு.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் அறுபது வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டில் 10.4 விழுக்காட்டினர். குழந்தைப் பிறப்பு விரைவாகக் குறைந்த மாநிலம் விரைவாக மூப்படைவது இயல்பே. இதனை மருத்துவ உலகம் முன்னரே உணர்ந்திருந்தது. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வ.செ. நடராசன் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொதுமக்களுக்காகத் தமிழில் முதுமை பற்றிய நூல்களையும் எழுதினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆயினும் முதுமையின் பெரும்பகுதி மருத்துவமனையில் கழிவதில்லை. பக்கவாதத்தால் வீழ்ந்த தந்தை சில நாட்களில் வீடு திரும்புகிறார். அவருடைய கையில் மருந்துச் சீட்டு இருக்கிறது. அதிலுள்ளவற்றை நிறைவேற்றப்போகும் கை யாருடையது என்பது சீட்டில் இல்லை. அந்தக் கைக்குரியவரைத் தமிழ்ப் பனுவல்கள் எவ்வாறு எதிர்கொண்டுள்ளன என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

சொல்லிலிருந்தே இடர்ப்பாடு தொடங்குகிறது. முதியோரைக் குறிக்க ‘மூத்த குடிமக்கள்’ என்னும் தொடர் அரசு வழக்கிலும் பேருந்து இருக்கையிலும் நிலைபெற்றுவிட்டது. அவர்களைப் பேணுபவரைக் குறிக்கவோ பராமரிப்பாளர், கவனிப்பாளர், பேணுநர் எனப் பல சொற்கள் அலைகின்றன. மருத்துவமனைக் கூடங்களில் அவர் ‘அட்டெண்டர்’; அல்லது வெறுமனே ‘கூட இருக்கிறவர்’. இவற்றுள் பரவலான ‘பராமரிப்பு’ என்னும் சொல், மாதந்தோறும் மின்வாரியம் வெளியிடும் மின்தடை அறிவிப்பிலும் சாலைப்பணி அறிவிப்பிலும் வருவது. மின்கம்பத்துக்கும் தாய்க்கும் ஒரே சொல் என்பது மொழியின் குற்றமன்று. எனினும் அச்சொல்லில் செய்பவர் மறைந்து செயல் மட்டும் எஞ்சுகிறது என்பது நோக்கத்தக்கது.

நான்காம் உறுப்பு

தமிழ் மரபில் இவருக்குப் பெயரே இல்லை என்று கூறிவிட இயலாது. திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் (950), மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். ‘உழை’ என்பது பக்கம் எனப் பொருள்படும் சொல். அரசன் பக்கத்தில் நிற்போரை ‘உழையர்’ என்பது பழைய வழக்கு. ஆகவே உழைச்செல்வான் என்பது பக்கத்தில் இருந்து ஒழுகுபவன் என்றாகிறது. (இதனை ‘உழைப்பு’ என்பதோடு சேர்த்துப் பொருள் காணும் ஆசை இயல்பாக எழும், சொற்பிறப்பு அதற்கு இடந்தராவிடினும், இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அவ்வாசையை மன்னிப்பர்.)

பரிமேலழகர் இச்சொல்லை விளக்கும்போது மருந்தைப் பிழையின்றி இயற்றுபவன் என்கிறார். அதாவது பக்கத்தில் இருத்தல் என்னும் நிலை, மருந்து செய்தல் என்னும் வினையாகச் சுருங்குகிறது. ஆயினும் அவர் அவனுக்கு வகுக்கும் நான்கு இயல்புகளில் முதலாவது, நோயாளியிடத்து அன்பு. பின்னர் மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன வருகின்றன. சரக சங்கிதையும் மருத்துவத்தை நான்கு கால்களாகப் பகுத்து, பணிவிடை செய்பவனுக்குப் பணியறிவு, திறமை, அன்பு, தூய்மை ஆகியவற்றை வேண்டுகிறது. இரு மரபுகளும் ஒன்றுபடும் இடம் இது.

இங்கு ஒரு திறனாய்வுக் குறிப்பு இன்றியமையாதது. உரையில் உழைச்செல்வானிடமிருந்து வேண்டப்படுவன நான்கு. அவனுக்கு வேண்டுவன எவை என்பது பேசப்படவேயில்லை. அவனுடைய உறக்கம், கூலி, மாற்றாள் ஆகியன உரையின் எல்லைக்குள் வருவதில்லை. மருந்தும் மருத்துவனும் போல அவனும் ஓர் உறுப்பாகவே நிற்கிறான்.

முதுமைக்கு இப்பகுப்பைப் பொருத்திப் பார்க்கும்போது இன்னொரு விரிசல் புலப்படுகிறது. நோயாளிக்குப் பரிமேலழகர் கூறும் இயல்புகள் பொருளுடைமை, மருத்துவன் வழி நிற்றல், நோய்நிலையை உணர்த்தும் வன்மை, மருந்தின் துன்பம் பொறுத்தல் என்பன. மறதிநோய்க்கு ஆளான எண்பது வயதுத் தாயிடம் இவற்றுள் எவை எஞ்சும்? எங்கே வலிக்கிறது என்று அவரால் சொல்ல இயலாது. மாத்திரையை வாயிலிட்டால் துப்பிவிடுவார். ஓய்வூதியம் இல்லையெனில் பொருளும் இல்லை. முதல் உறுப்பு செயலிழந்தபின் அதன் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியவர் நான்காம் உறுப்பினரே. முகச்சுளிப்பிலிருந்து வலியை அறிவதும், சோற்றில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கலாமா என்று மருத்துவரைக் கேட்பதும், அதற்கான செலவைத் தேடுவதும் அவர் மேலேயே விழுகின்றன. நான்கு கால்களில் ஒன்று ஒடிந்தால் மற்றவை சமமாகத் தாங்கும் என்று உரைமரபு எண்ணியிருக்கலாம். வீடுகளில் நிகழ்வது அவ்வாறன்று.

புறந்தருதலும் சட்டமும்

உழைச்செல்லலுக்கு இணையாகத் தமிழில் ‘புறந்தருதல்’ என்னும் சொல் உண்டு. சங்கப் பாடலில் அது மகனைப் பெற்ற தாயின் கடன். குறள் 656இன் உரையில் பரிமேலழகர் அதனைத் திசைமாற்றி, முதிர்ந்த பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வருந்தும்போது தீயன பலவும் செய்தேனும் அவர்களைப் புறந்தருக என்னும் அறநூற் பொதுவிதியை எடுத்துக்காட்டுகிறார். குறள் அவ்விதியைப் பொருள்நிலைக்கு ஏற்காமல் மறுக்கிறது என்றும் காட்டுகிறார். இங்குப் புறந்தருதல் என்பது பசி தீர்த்தல். உணவுக்கும் பொருளுக்கும் உரிய கடமை. இந்தியச் சட்டம் கண்டறிந்ததும் இந்தக் கடமையைத்தான்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. உணவு, உடை, உறைவிடம், மருத்துவக் கவனிப்பு ஆகிய அனைத்தும் அதன் பராமரிப்பு வரையறைக்குள் அடங்கும். ஆனால் தீர்ப்பாயம் பிறப்பிக்கக்கூடிய ஆணை மாதத் தொகை என்னும் ஒரே வடிவில்தான் அமைகிறது. அதன் உச்சவரம்பு 10,000 ரூபாய். கோட்டாட்சியர் முன்னிலையில் வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம் என்பது ஏழை முதியோருக்கு உண்மையிலேயே பயன்படும் ஏற்பாடு. அதனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டவரிடமிருந்து பத்திரத்தைச் செல்லாததாக்கும் 23ஆம் பிரிவும் அவ்வாறே பயன்மிக்கது. எனினும் கவனிப்பு என்னும் வினை, சட்டத்தின் உள்ளே நுழைந்து ஆணையாக வெளிவரும்போது பணமாகிவிடுகிறது. பணம் அனுப்பும் மகன் கடமையை முடித்தவராகிறார். பக்கத்தில் இருப்பவர் கணக்கில் வருவதில்லை.

பக்கத்தில் இருப்பவரைச் சட்டம் நேராகச் சுட்டும் இடம் 24ஆம் பிரிவு. மூத்த குடிமகனின் கவனிப்பையோ பாதுகாப்பையோ தம் பொறுப்பில் கொண்டிருப்பவர், முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு அவரை எங்கேனும் விட்டுச்சென்றால், மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பேணுநர் தம் பணியின் பெயராலேயே சட்டத்தில் தோன்றும் இடம் குற்றவியல் பிரிவு என்பது தற்செயல் எனத் தோன்றவில்லை. கடமையை மட்டும் அறிந்த பனுவல், கடமை தவறுபவரையே காண முடியும்.

மருமகளின் இடம்

சட்டத்தின் ‘பிள்ளைகள்’ என்னும் வரையறையில் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர் உள்ளனர், மருமகள் இல்லை. மணமான மகளுக்கும் பெற்றோரைப் பேணும் கடமையுண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்கீழ்த் தீர்ப்பளித்திருந்தது. மருமகளை இரு சட்டங்களும் விட்டுவிட்டன. ஆனால் மாமியாரின் சேலையை மாற்றுவதும், மாமனாருக்குக் கஞ்சி கரைத்து ஊட்டுவதும், இரவில் பெட்பேன் வைத்து எடுப்பதும் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. செயலில் முதலிடத்தில் உள்ளவர் சட்டத்தில் அந்நியர்.

2019இல் மக்களவையில் முன்வைக்கப்பட்ட திருத்த மசோதா மருமகன், மருமகள் ஆகியோரையும் பிள்ளைகளாக வரையறுக்க முயன்றது. அது சட்டமாகவில்லை. ஆயின் அதன் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். மருமகள் அதுவரை செய்துவந்த பணிக்கு ஏற்பளிக்கும் பொருட்டு அவர் உள்ளே அழைக்கப்படவில்லை. கடன்பட்டோர் பட்டியலை நீட்டும் பொருட்டே அழைக்கப்பட்டார்.

இதே சட்டம் அவரை வீட்டைவிட்டு வெளியேற்றவும் பயன்பட்டது. கணவனுடன் பிணக்குற்ற மருமகளை வெளியேற்றுமாறு மாமனார் மாமியார் மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ்ப் பெற்ற ஆணை, பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குத் தரும் பகிர்ந்துறையும் உரிமையை, மூத்த குடிமக்கள் சட்டத்தைக் கொண்டு எளிதில் அழித்துவிட இயலாது என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் கூறியது. முதுமைக்கும் பெண்மைக்கும் இடையே நேர்ந்த மோதலாக இவ்வழக்கு படிக்கப்படுவது வழக்கம். பேணுதலின் நோக்கில் படித்தால் வேறொன்று தெரிகிறது: ஒரு வீட்டில் எத்தனை ஆண்டுகள் பணிவிடை செய்திருந்தாலும், அப்பணி அவ்வீட்டில் தங்கும் உரிமைக்கு ஆதாரமாக ஏற்கப்படும் சட்டமொழி நம்மிடம் இல்லை. மனைவி என்னும் நிலையே அவ்வுரிமையைத் தருகிறது.

மூன்று திரைப்படங்கள்

தென்மாவட்டங்களில் படுக்கையில் கிடக்கும் முதியோருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி உயிர் போக்கும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம், 2010இல் விருதுநகர் மாவட்டச் செய்திகள் வழியாகப் பொதுவெளிக்கு வந்தது. இதனை மையமாகக் கொண்டு பின்னர் மூன்று திரைப்படங்கள் வெளிவந்தன. ஒரே நிகழ்வை மூன்று இடங்களிலிருந்து காண்பன என்பதால் இவற்றைச் சேர்த்துப் படிப்பது பயனுடையது.

மதுமிதா இயக்கிய ‘கே.டி. (எ) கருப்புதுரை’ (2019), நினைவிழந்து கிடந்து விழித்தெழும் முதியவர் தம் முடிவு பற்றிக் குடும்பம் பேசுவதைக் கேட்டு வீட்டைவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. அவருக்குத் துணையாவது ஒரு சிறுவன். முதியவரின் ஆசைகளை மலரச்செய்யும் இனிய படம் இது. அதன் இனிமைக்கு ஒரு விலை உண்டு. பேணுதல் என்னும் உழைப்பே தேவைப்படாத, நடந்தும் உண்டும் திரியும் உடல் அவருக்குத் தரப்பட்டுவிடுகிறது. அதனால் குடும்பத்தினரைப் பேராசையின் உருவங்களாக வரைவது எளிதாகிறது.

பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை 66ஆவது விருது வழங்கலில் பெற்றது. 2020இல் திரைக்கு வந்தது. நகரத்தில் உடன்பிறந்தாள் குடும்பத்தோடு வாழ்ந்து இரவுக் காவல் பார்க்கும் கருப்பசாமி, விபத்தில் இடுப்பு முறிந்தபின் மகனால் ஊருக்குக் கொண்டுசெல்லப்படுகிறார், அங்கேயே இறக்கிறார். படம் குற்றத்தை ஆவணத்தின் குரலில் பதிவுசெய்கிறது. அதன் அறச்சீற்றத்தில் ஐயமில்லை. அதன் தலைப்பு தற்செயலாகத் தொடும் ஓரிடம் சிந்திக்கத்தக்கது. முதியோர் நல ஆய்வில் பேணுநரின் நிலையை அளக்கப் பரவலாகப் பயன்படும் கருவி, ஸ்டீவன் சாரிட் 1980இல் உருவாக்கிய அளவுகோல். அதன் மையச்சொல்லும் ‘சுமை’தான். ஆனால் அளவுகோலில் சுமை என்பது பேணுபவர் உணர்வது. உறக்கமின்மை, நேரமின்மை, சினம், குற்றவுணர்வு எனக் கேட்டறியத்தக்கது. திரைத் தலைப்பில் பாரம் என்பது முதியவரே. ஒரு மனிதரைப் பாரம் என்பதற்கும், ஒருவர் மீது பாரம் ஏறியிருக்கிறது என்பதற்கும் உள்ள தொலைவைப் படம் கடக்கவில்லை. மகனின் வீட்டில் அந்த முறிந்த இடுப்பைத் தூக்கித் திருப்ப வேண்டியவர் யார், அவருடைய நாள் எப்படிக் கழிந்தது என்பது படத்தின் பார்வைக்கு வெளியிலேயே இருக்கிறது.

ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கிய ‘தலைக்கூத்தல்’ (2023) இவ்வகையில் வேறுபடுகிறது. இதில் மையப்பாத்திரம் நினைவிழந்து கிடக்கும் தந்தை அல்லர்; அவரைப் பேணும் மகன் பழனி. கட்டட வேலையை விட்டு, இரவில் ஏ.டி.எம். காவலுக்குச் சென்று, பகலில் தந்தையின் படுக்கையருகே இருக்கிறான். மனைவி தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறாள். அந்த வீடு பெரிதும் அவளுடைய கூலியில் நடக்கிறது. தலைக்கூத்தலுக்கு வற்புறுத்துவோர் கொடியவர்களாக அன்றி, மகளின் வாழ்வு கரைவதைக் கண்டு பொறாத பெற்றோராக வருகின்றனர். இதுவே படத்தின் வலிமை. கொலைக்கு மாற்று அன்பு என்று சொல்லிவிட்டு நகராமல், அன்பின் செலவை யார் தருகிறார் என்று அது கேட்கிறது. மகன் பேணுநனாக இருப்பதற்கு மருமகள் சம்பாதிப்பவளாக இருக்க வேண்டியிருக்கிறது. பழனி உரைமரபு வேண்டும் நான்கு இயல்புகளும் உடையவன். அவனிடம் இல்லாதது மாற்றாள் ஒருவர்.

குறையும் உண்டு. தந்தையின் இளமைக் காதலைக் காட்டும் கிளைக்கதை, படுக்கையில் கிடக்கும் உடலுக்குக் கடந்தகாலம் தந்து அதனை மீட்க முயல்கிறது. அதே உழைப்பு மருமகளின் தரப்புக்குத் தரப்படவில்லை. அவளது சோர்வு கதைக்கு நெருக்கடியாகப் பயன்படுகிறது, கதையாகவில்லை. எனினும் தமிழ்த் திரையில் பேணுதலை வேலையாக, நேர அட்டவணையாக, கூலி இழப்பாகக் காட்டிய அரிய படம் இது என்பதில் தடையில்லை.

வழிகாட்டிகளின் இலக்கணம்

நேரடியாகப் பேணுநருக்கென எழுதப்படுவன வழிகாட்டி நூல்களும் மருத்துவமனைத் துண்டறிக்கைகளும். இவற்றின் பயனை மறுக்க இயலாது. படுக்கைப்புண் எவ்வாறு தோன்றுகிறது, படுத்த நிலையில் உணவூட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் செல்லும் இடர் என்ன என்பனவற்றை அறியாத வீட்டில் ஒரு பக்கத் துண்டறிக்கையும் உயிர் காக்கும். ஆயினும் இவற்றின் வாக்கிய அமைப்பு ஆராயத்தக்கது. நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது இவ்வகைப் பனுவலின் மாதிரி வாக்கியம். ‘வேண்டும்’ என்னும் முற்று, எழுவாயின்றியே நிறைவுபெற்றுவிடுகிறது. எழுவாயை இட்டு எழுதினால் கணக்கு வெளிப்படும்: நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை, இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே மூன்று முறை விழித்தெழ வேண்டும். மறுநாள் காலையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குச் சோறு கட்டுபவரும், வேலைக்குச் செல்பவரும் அவரேயாகலாம்.

உலக நல நிறுவனம் மறதிநோயாளரைப் பேணுவோருக்காக 2019இல் வெளியிட்ட ‘ஐசப்போர்ட்’ பயிற்சி இவ்வகையில் முன்னேறிய பனுவல். அதன் ஐந்து பகுதிகளில் ஒன்று முழுவதும் பேணுபவர் தம்மைத் தாமே கவனித்துக்கொள்வது பற்றியது. இதனைத் தமிழ் வீட்டுக்குள் கொண்டுவரும்போது எழும் சிக்கல் மொழிபெயர்ப்போடு முடிவதன்று. தமக்கென நேரம் ஒதுக்குக, பிறரிடம் உதவி கேட்க என்னும் அறிவுரைகள், ஒதுக்கத்தக்க நேரமும் கேட்கத்தக்க பிறரும் இருப்பதாகக் கொள்கின்றன. நாத்தனாரிடம் ஒரு வாரம் மாமியாரை வைத்துக்கொள்ளுமாறு கேட்பது உதவி கோருதல் அன்று. அது குடும்ப அரசியல். அந்தக் கேள்வியை எந்தச் சொற்களில், யார் மூலம், எந்த நாளில் கேட்பது என்பதைச் சொல்லும் வழிகாட்டியே இங்கு வழிகாட்டி. அத்தகைய அறிவு தமிழ்ப் பெண்களிடம் நிறையவே உண்டு, அச்சில்தான் இல்லை.

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர் ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. அங்கும் பிள்ளைகள் பெற்றோரைப் பேண வேண்டும் என்னும் சட்டம் 1995லேயே வந்தது. ஆனால் அதனோடு நில்லாமல், வீட்டில் பேணுவதற்கான மாத உதவித்தொகை 2019இல் 200 வெள்ளியாகத் தொடங்கப்பட்டு, 2023இல் 400 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. பேணுநருக்கான பயிற்சி மானியமும் உண்டு. செல்வ வளமும் மக்கள்தொகையும் வேறான நாட்டை அப்படியே அளவுகோலாக்குவது பொருந்தாது. கடமையைச் சட்டமாக்கும் அரசு, அக்கடமையின் செலவில் ஒரு பங்கை ஏற்பதும் இயலும் என்பதற்கு அது சான்று, அவ்வளவே. அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியில் சென்றது. 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய வலிதணிப்புப் பணி, அயலாரைத் தன்னார்வலராகப் பயிற்றி வீட்டுக்கு அனுப்பும் இயக்கமாக வளர்ந்து, 2008இல் மாநிலக் கொள்கையாயிற்று. பணத்தைவிட மாற்றாளைத் தரும் ஏற்பாடு அது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கி வருவது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. இயன்முறை மருத்துவரும் வலிதணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருகின்றனர். நடக்க இயலாத தந்தையை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பது ஒரு நாள் கூலியைத் தின்பது. அந்த நாள் மிஞ்சுவது பேணுநருக்குக் கிடைக்கும் நேரடிப் பயன். செவிலியர் புண்ணைத் துடைத்துக் கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்பவரும் அவரே. ஆயினும் திட்டத்தின் பயனாளி நோயாளி மட்டுமே. பெண் தன்னார்வலர் முதியவருக்கு அழுத்தம் பார்த்தபின் அதே பட்டையை மருமகளின் கையிலும் சுற்றிப் பார்ப்பதுண்டு. திட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. எண் கூடுதலாக இருந்தால் அவருக்கும் மாத்திரை தரப்படும். அவருடைய பெயர் பதிவேட்டில் ஏறுவது உயர் இரத்த அழுத்த நோயாளி என்னும் வகையில்தான்.